பாவலர் குழுவும் பாட்டிமார் பாட்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

இவ்வாண்டு விழாவுக்காக நாங்கள் இளையராஜா அவர்களின் பாட்டு ஒன்றுக்கு நடனம் பழகிக்கொண்டிருந்தோம். பேத்தியை அழைத்துப் போக வந்திருந்த ஒரு பாட்டி எங்களைப் பார்த்து, "இந்த ராசையாவோட அண்ணன் பாடி, நான் சின்னப் புள்ளையில தேவிகுளத்துல கேட்டிருக்கேன்டி" என்றார். சொன்னதோடு நில்லாமல் தாமே பாடவும் தொடங்கினார். நாங்கள் சிரித்துவிட்டோம். பாட்டி பாட்டை நிறுத்திக்கொண்டார். அந்தச் சிரிப்புக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

போடியிலிருந்து மலையை ஒட்டித் தெற்கே போனால், தேவாரத்தைத் தாண்டிப் பண்ணைப்புரம் வரும். அவ்வூர்க்காரர் பாவலர் வரதராஜன். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். மக்களுக்குத் தெரிந்த சினிமா மெட்டிலேயே புதிய சொற்களை வைத்து, கூலி உயர்வையும் விலைவாசியையும் பாடினார். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்தது. ஆயினும் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே. 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது, பாவலர் மலையேறிச் சென்று பாடினார். அவர் பாடிய கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் என்ற பெண்மணி வெற்றி பெற்றார்.

ஏறத்தாழ அக்காலத்தில்தான், பதினான்கு வயதில், தம்பி ராசையா அண்ணனோடு ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினார். பாஸ்கரும் கங்கை அமரனும் சேர்ந்தனர். பாவலர் பிரதர்ஸ் என்று பேர் பெற்றது அக்குழு.

கடல் கடந்தும் ஒன்றைப் பார்ப்போம். 1957 ஜூலை 6ஆம் நாள், இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு தேவாலய விழாவில் 'குவாரிமென்' என்ற சிறுவர் குழு பாடியது. தங்கள் பள்ளியின் பெயரிலிருந்தே அவர்கள் குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அக்குழுதான் வளர்ந்து உலகம் அறிந்த பீட்டில்ஸ் ஆயிற்று. அந்தச் சிறுவர்கள் பாடிய நாளைக்கூட இன்று எழுதி வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம் மலையில் பாடிய குழுவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு செய்தி எங்களைச் சிந்திக்க வைத்தது. அக்குழுவில் பெண் குரலில் பாட வேண்டிய பாட்டுகளைப் பாடியவர் சிறுவன் ராசையாவே! குரல் உடைந்த பிறகு அவர் ஆர்மோனியத்தின் பக்கம் போனார். பெண் குரல் இருந்தது, பெண் இல்லை. நாற்று நடும்போதும், தாலாட்டும்போதும், ஏலக்காய் எடுக்கும்போதும் பாடிய பெண்கள் மேடைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். ராசையாவின் தாயார் சின்னத்தாயம்மாளும் நாட்டுப்பாடல்கள் அறிந்தவர். பிள்ளைகள் சென்னைக்குப் புறப்பட்டபோது, வீட்டு ரேடியோவை நானூறு ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தவரும் அவரே.

பாவலர் 1973இல் மறைந்தார். தம்பியின் முதல் படமான 'அன்னக்கிளி' 1976இல்தான் வந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. 2025 மார்ச் 8 அன்று, இலண்டன் மாநகரில் இளையராஜா தம் சிம்பொனியை அரங்கேற்றினார். பண்ணைப்புரத்திலிருந்து இலண்டன் வரை! நமக்குப் பெருமைதான். ஆனால் இலண்டன் கேட்ட பிறகுதான் நம் ஊர்ப் பாட்டுக்கு மதிப்பு என்று நினைப்பது சரியா?

இன்றும் விடியுமுன்னே போடியிலிருந்து ஜீப்புகளில் பெண்கள் மெட்டு ஏறுகிறார்கள். எங்களில் பலருடைய அம்மாவும் அத்தையும் அதில் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் பாட்டை வகுப்பில் சொல்ல நாங்கள் கூச்சப்படுகிறோம். "கஷ்டப்பட்டுப் படிக்க வைப்பது இந்தப் பாட்டுக்கா?" என்று பெற்றோரே கேட்கலாம். படித்ததனால்தான் அதை எங்களால் எழுதி வைக்க முடியும் என்பது எங்கள் பதில்.

மறு வாரம் நாங்கள் சிலர் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பாடச் சொன்னோம். இரண்டு அடிதான் வந்தது. "மிச்சம் மறந்துபோச்சு தாயி" என்றார். அன்று பள்ளியில் நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் முழுப் பாட்டும் வந்திருக்குமோ, யார் கண்டார்கள்?

ஆகவே தோழியரே, பொங்கல் விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வாருங்கள். நூலகத்தில் அதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க அருட்சகோதரிகள் அனுமதி தர வேண்டுகிறோம். அடுத்த ஆண்டு விழாவில், காய் எடுக்கும் தாய்மாருக்கு மேடையில் ஐந்து நிமிடம் ஒதுக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நோட்டின் முதல் பக்கத்தில் பாட்டி சொன்ன இரண்டு அடியை எழுதிவிட்டோம். அதன் கீழே இடம் விட்டிருக்கிறோம். மிச்சம் தெரிந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே கேளுங்கள்.