கோடைப் பள்ளியும் குழந்தையின் மொழியும்

சித்திரை வெயில் முற்றுமுன்னரே தமிழ்நாட்டு நகரத் தெருக்களில் வண்ணப் பலகைகள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. ‘மாண்டிசோரி முறையில் மழலையர்க்குக் கோடைப் பயிற்சி’ என்பது அவற்றின் அழைப்பு. அழைப்பும் ஆங்கிலத்தில், உள்ளே நடப்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சோறு, தண்ணீர், நிலா என்று இப்பொழுதுதான் வாய்மலர்ந்த மூன்று அகவைப் பிள்ளை, நான்கு கிழமை அங்குச் சென்று, ‘ஏ, பி, சி’ என்று ஒப்பித்துக்கொண்டு வீடு திரும்புகின்றது. பெற்றோரும் பூரித்துப் போகின்றனர். நெறி தவறாது நடத்துவோரும் சிலர் உளர். ஆயின், அம்மையாரின் பெயரை மட்டும் பலகையில் எழுதிக்கொண்டு அவர்தம் முறையை வாயிலிலேயே விட்டுவிட்டவர்கள் மிகப் பலர்.

அந்த முறைதான் யாது? இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி, உரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில், 1907 சனவரி 6ஆம் நாள் தம் முதற் குழந்தையர் இல்லத்தைத் திறந்தார். கூலிவேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளே அங்குப் பயின்றனர். அவர்கள் எழுதவும் படிக்கவும் கற்றது தங்கள் தாய்மொழியாகிய இத்தாலியத்தில்! உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டி, குழந்தை அதன்மேல் விரலோட்டும்போதே அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லச் செய்தார் அம்மையார். எழுத்தின் பெயரையன்று, ஒலியையே சொல்லச் செய்தார் என்பது கருதத்தக்கது.

இங்கேதான் கோடைப் பள்ளிகளின் குறை வெளிப்படுகின்றது. ‘டபிள்யூ’ என்னும் பெயருக்குள் அவ்வெழுத்தின் ஒலி எங்கே இருக்கின்றது? ‘எச்’ என்னும் பெயருக்குள்தான் எங்கே இருக்கின்றது? எழுத்துப் பெயர்களை ஒப்பிக்கச் செய்வது, ஆங்கிலத்தைக் கற்பிக்கும் வகையிலும் அம்மையாரின் முறையன்று. தமிழிலோ ‘அ’ என்னும் எழுத்தை ‘அ’ என்றே குழந்தை கற்கின்றது. ஒலியே பெயராய் நிற்கும் மொழி, அம்முறைக்கென்றே வாய்த்தது போன்ற மொழியன்றோ!

விரலால் எழுதிக் கற்பதும் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதுவதை வாய்விட்டுச் சொல்லியே கற்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், உள்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அவர் முறை ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. மாண்டிசோரி இதிலிருந்து எடுத்துக்கொண்டார் என்பதன்று கருத்து. இரண்டும் ஒரே உண்மையைத் தொட்டன என்பதே கருத்து.

அம்மையார்க்கும் தமிழ்நிலத்துக்கும் நேரான தொடர்பும் உண்டு. 1939 நவம்பரில் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவரைப் பகைநாட்டாராகக் கருதிக் கட்டுப்படுத்தியது. 1942 முதல் 1944 வரை அவர் கோடைக்கானலில் தங்கிச் சிறுவரிடையே பணியாற்றினார். பிறப்பு முதல் ஆறு அகவை வரை குழந்தை தன்னைச் சூழ்ந்த மொழியை முயற்சியின்றியே உட்கவர்ந்துகொள்கின்றது என்னும் அவர் கொள்கையை விளக்கும் நூல், 1949இல் அடையாற்றிலேயே அச்சாயிற்று.

‘அங்ஙனமாயின் அவ்வகவையிலேயே ஆங்கிலத்தையும் உட்கவரட்டுமே’ என்பார் உளர். வீட்டிலும் தெருவிலும் உயிரோடு வழங்கும் மொழியையே குழந்தை உட்கவரும். நான்கு கிழமை ஒப்பிக்கும் பாட்டையன்று. ஆங்கிலம் வேண்டுமாயின் பின்னர்க் கற்கலாம். ‘உன் அம்மா பேசும் மொழி பள்ளிக்கு ஆகாது’ என்று மூன்று அகவையில் பிஞ்சு நெஞ்சிற் பதிந்த தாழ்வைப் பின்னர் எதனால் துடைப்பது?

கோடைப் பயிற்சி வேண்டாவென்பதில்லை. அது வேறு வகையில் அமைதல் வேண்டும். சிந்தாமல் நீரூற்றுதல், பயறு வகை பிரித்தல், கீரை ஆய்தல், பாய் சுருட்டுதல் ஆகிய அன்றாடப் பணிகளைக் குழந்தை தன் கையாலேயே செய்வதே அம்மையார் வகுத்த முதற்படி. பல்லாங்குழியும் ஒரு பிடி புளியங்கொட்டையும் இருந்தால் எண்ணுப்பயிற்சி நடக்கும். ஒரு தட்டு மணல் இருந்தால் எழுத்துப்பயிற்சி நடக்கும். மூன்று அகவைப் பிள்ளையும் ஆறு அகவைப் பிள்ளையும் ஒன்றாயிருந்து, குறுக்கீடின்றித் தாம் எடுத்த பணியைத் தாமே முடிக்கட்டும். ஊர்தோறும் தமிழறிந்த இளைஞர் இருவர் முன்வந்தால் மரத்தடி போதும், பெருங்கட்டணம் வேண்டா.

பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் தமிழ்ப் பெற்றோர், பலகையைப் படித்ததோடு அமையாது, ‘என் பிள்ளையோடு இங்கு எம்மொழியிற் பேசுவீர்?’ என்று முதலிற் கேட்க! விடை தமிழாயின் உள்ளே செல்க. அன்றேல் பிள்ளையின் கையைப் பற்றிக்கொண்டு வீடு திரும்புக! அங்கே பாட்டியின் கதையும் முற்றத்து மணலும் காத்திருக்கின்றன.