பயிற்சி கொடுப்பவரே புதியவரா? பிசியோதெரபி மாணவர்கள் என்ன செய்யலாம்?

பிசியோதெரபி மாணவர்கள் முதல்முறை வார்டுக்குப் போகும்போது எதிர்பார்ப்பது பல வருட அனுபவம் உள்ள ஒரு சீனியரை. பல இடங்களில் வழிகாட்டியாகக் கிடைப்பவரோ, சமீப காலம் வரை லாக் புக்கைத் தூக்கிக்கொண்டு கையெழுத்துக்கு அலைந்த இன்னொரு இளைஞர். "இவரே இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்காரு, இவர்கிட்ட என்னத்த கத்துக்கிறது?" என்ற முணுமுணுப்பு போஸ்டிங்கின் முதல் வாரத்திலேயே கேட்கும். அந்தக் கவலை நியாயமா?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

தமிழ்நாட்டில் பி.பி.டி. படிப்பு என்றால் 4 ஆண்டுகள், அதன்பின் 6 மாத இன்டர்ன்ஷிப் என்பதே வழக்கம். 2021-ல் வந்த துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு, 2025-ல் வெளியான புதிய பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பை ஓராண்டாக்குகிறது. வார்டில் மாணவர்கள் இருக்கும் காலம் கூடினால், மேற்பார்வைக்கும் கூடுதல் ஆட்கள் வேண்டும். அனுபவசாலிகள் ஒரே நாளில் உருவாகிவிட மாட்டார்கள். பொறுப்பு புதியவர்கள் தலையில்தான் விழும்.

புதியவரிடம் என்ன கிடைக்கும்?

பக்கவாத நோயாளியைக் கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். சீனியர் ஒருவர் அதை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். எப்படி என்று கேட்டால், "செய்யச் செய்ய வந்துடும்பா" என்பார். பொய் இல்லை. பல ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக வேலை செய்கிறது, அதைப் பிரித்துச் சொல்ல அவருக்கே வராது.

புதியவர் இன்னும் ஒவ்வொரு படியையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பவர். அதனால் வாய்விட்டும் சொல்வார். "பிரேக் போட்டாச்சா? நல்லா இருக்கிற பக்கமா சேரை வை. அவர் முழங்கால் மடங்காம உன் முழங்காலால தடுத்துக்கோ. பாதிச்ச கையைப் பிடிச்சு இழுக்காத, தோள்மூட்டு இறங்கிடும்." முதல் மாத மாணவருக்கு இது பெரிய உதவி. தயங்காமல் சந்தேகம் கேட்கவும் முடியும். சீனியரிடம் அந்தத் துணிச்சல் எல்லோருக்கும் வராது.

எங்கே சறுக்கும்?

செய்முறையில் அல்ல, எப்போது நிறுத்துவது என்பதில்தான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவரை எழுப்பி நிற்க வைக்கும்போது முகம் வெளுத்து வியர்க்கிறது. அனுபவம் உள்ளவர் முதலில் உட்கார வைப்பார், பிறகுதான் ரத்த அழுத்தம் பார்ப்பார். கேஸ் ஷீட்டில் 10 அடி நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், புதியவருக்கு அந்த 10 அடியை முடித்துவிடத் தோன்றலாம்.

கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் வந்தாலும் இதே கதை. உடற்பயிற்சி வலியாகவும் இருக்கலாம், ரத்தக்குழாய்க்குள் (சிரைக்குள்) ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம். பின்னது என்றால் அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். "ஆபரேஷன் ஆனா வலி இருக்கத்தான் செய்யும்" என்று கடந்துபோகிற மேற்பார்வையாளரிடம் மாணவர் கற்பது, கடந்துபோவதைத்தான்.

இதைவிடச் சிக்கலானது கௌரவம். மாணவர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல இளம் மேற்பார்வையாளர்களுக்குத் தயக்கம் அதிகம். செய்த தவறைச் சுட்டிக்காட்டவும் கூச்சப்பட்டு, "நல்லாதான் பண்றீங்க" என்று லாக் புக்கில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தான் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் அந்த மாணவர் அடுத்த போஸ்டிங்குக்குப் போய்விடுவார்.

மாணவர் என்ன செய்யலாம்?

முதல் நாளே ஒன்றைக் கேட்டுவிடலாம்: "ஏதாவது பிரச்னைன்னா யாரைக் கூப்பிடணும்?" அந்த சீனியரின் பெயரும் நம்பரும் கையில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், "சார், இதை ரெண்டு பேரும் போய் சீனியர்கிட்ட கேட்டுடலாமா?" என்றால் யார் கௌரவமும் குறையாது. "எப்படி இருந்துச்சு?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "நான் பிடிச்ச விதத்துல எதை மாத்தணும்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

ஆனால் எல்லாவற்றையும் மாணவரே சமாளிக்கட்டும் என்று கல்லூரிகள் ஒதுங்க முடியாது. வழக்கமான நோயாளிகள் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கும் சொல்லிக்கொடு என்றால், ஒரு புதியவர் எதைத்தான் செய்வார்? அவருடைய நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், வாரம் ஒருமுறையாவது ஒரு சீனியரோடு உட்காரவைப்பதும் நிர்வாகத்தின் வேலை.

அட்மிஷன் நேரத்தில் பெற்றோர் ஃபீஸையும் ஹாஸ்டலையும் விசாரிப்பார்கள். போஸ்டிங்கில் எத்தனை மாணவர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம், அவருக்கு மேல் யார் என்பதையும் அப்போதே கேட்கலாம்.