கனமான காருக்கு ஏன் சலுகை?

அமெரிக்காவின் 'மோட்டார் டிரெண்ட்' இதழ் 1974-இல் வெளியிட்ட 32 கார்களின் விவரம் இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பாடமாக இருக்கிறது. எடையையும் மைலேஜையும் புள்ளிகளாகக் குறித்து, நடுவே ஒரு நேர்கோடு போட்டால், எடை 1,000 பவுண்டு கூடும்போது கேலனுக்குச் சுமார் 5.3 மைல் குறைவது தெரியும். மைலேஜ் வேறுபாட்டில் முக்கால் பங்கை இந்த ஒரே கோடு விளக்கிவிடுகிறது.

ஆனால், கோட்டின் கணக்குப்படி 27.5 மைல் தர வேண்டிய டொயோட்டா கொரோலா 33.9 தந்தது. 8.7 மட்டுமே தர வேண்டிய கிரைஸ்லர் இம்பீரியல் 14.7 தந்தது. இரு முனைகளிலும் கார்கள் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. உண்மையான உறவு வளைந்தது.

இந்தியாவில் 2017 முதல் நடப்பிலுள்ள எரிபொருள் சிக்கன விதியும் எடையை வைத்துப் போட்ட நேர்கோடுதான். ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால், அதற்கான வரம்பும் தளர்கிறது.

இது தவறு.

எடை கூடினால் பெட்ரோல் அதிகம் செலவாகும் என்பது இயற்பியல். அதற்குச் சலுகை தருவது அரசின் முடிவு. 2022-இல் இரண்டாம் கட்டம் வந்தபோது கோட்டின் சாய்வு சற்றுக் குறைக்கப்பட்டது. அடுத்த திருத்தத்தில் அதை இன்னும் குறைத்து, எடை குறைந்த கார் தயாரிப்பவர்களுக்கு ஆதாயம் கிடைக்கச் செய்ய வேண்டும்.