பூட்டிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் தேசியக் கலைக்கூடம் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் இராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசுவாமி ராஜா. தம் சொந்த வீட்டையே ஊருக்கு எழுதிக் கொடுத்து, அதில் காந்தி கலை மன்றம் அமையச் செய்தவர் அவர். அவர் ஆட்சிக் காலத்தில் பொதுமக்களுக்காகத் திறந்த அந்தக் கலைக்கூடம் 2002இல் மூடப்பட்டது. கட்டடம் உறுதி இழந்துவிட்டது, பார்வையாளரை உள்ளே விட முடியாது என்பது காரணம்.

காரணத்தில் குறை காண்பதற்கில்லை. ஆபத்தான கட்டடத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கடவுள் மீது பாரத்தைப் போடும் நிர்வாகத்தைவிட, கதவைப் பூட்டுகிற நிர்வாகம் மேல். ஆனால், அன்று பூட்டிய கதவு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பார்வையாளருக்குத் திறக்கவில்லை. சீரமைப்பு நடக்கப்போவதாக அறிவிப்புகள் வந்தன. மறுபடியும் வந்தன. கதவு பூட்டிய ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்து, பட்டமும் வாங்கி, வேலைக்குப் போகத் தொடங்கும் காலம் வரை, தமிழகத்தின் முதன்மையான அரசுக் கலைக்கூடம் வெளியிலிருந்து பார்க்கும் கட்டடமாகவே இருந்தது. இடையில் இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொள்ள இதில் இடமில்லை. இந்த வழக்கில் இரு தரப்பும் எதிர்வாதிகளே.

எதை இழந்தோம் என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர் 1906இல் அடிக்கல் நாட்ட, 1909இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் அது. ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல்லில், ஃபத்தேபூர் சிக்ரியின் புலந்து தர்வாசாவை நினைவூட்டும் முகப்போடு நிற்கிறது. ஒரு பேரரசியின் பெயரால் எழுந்த கட்டடத்தைச் சுதந்திர நாடு தன் குடிமக்களுக்கான கலைக்கூடமாக மாற்றிக்கொண்டது சிறிய செயல் அன்று. ரவி வர்மாவின் ஓவியத்தை அரண்மனை விருந்தாளி மட்டும் பார்க்கலாம் என்ற காலம் போய், பேருந்துக்குச் சில்லறை எண்ணுகிறவரும் அதன் முன் நிற்கலாம் என்ற காலம் வந்ததன் அடையாளம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கலைப்பொருள்களை அறிவியல் முறையில் பாதுகாப்பதில் இந்தியாவுக்கே முன்னோடியான ஆய்வுக்கூடம் 1930களில் உருவானது இதே வளாகத்தில்தான். செப்புத் திருமேனிகளின் களிம்பை நீக்கும் வழியைக் கண்டவர்கள் இங்கிருந்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களை வேதியியல் கண்ணோடு ஆராய்ந்த எஸ். பரமசிவன் பணியாற்றியதும் இங்கேதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சுண்ணாம்புப் பூச்சு ஏன் உதிர்கிறது என்று கண்டு சொன்ன ஒரு நிறுவனம், நூறு ஆண்டுகூட நிறையாத தன் கட்டடத்தைக் காக்க முடியாமல் போனது அறிவுக் குறைவால் நேர்ந்ததாக இருக்க முடியாது. பழுது தெரிந்த நாளுக்கும் கொத்தனார் வந்த நாளுக்கும் நடுவே கோப்பு எந்தெந்த மேசையில் படுத்துக் கிடந்தது என்பதே கேள்வி.

இந்தப் பின்னணியில்தான், புதுப்பிக்கப்படும் கலைக்கூடங்களுக்கு நடத்தப்படும் திறப்பு விழாக்களை எடைபோட வேண்டியிருக்கிறது. கொண்டாட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நெடுநாள் மூடியிருந்த பொது இடம் திறந்தால் ஊர் கூடி மகிழ்வது இயல்பு, அது தேவையும்கூட. ஆனால், நம் நாட்டுத் திறப்பு விழாவின் இலக்கணம் வேறாக இருக்கிறது. தலைமைச் செயலகத்தில் காணொலிக் காட்சி வாயிலாக ஒரு பொத்தான் அழுத்தப்படும். இங்கே திரை விலகும். பின்னால் கருங்கல் பலகையில் முதலமைச்சர், துறை அமைச்சர், மாவட்ட அமைச்சர், உறுப்பினர்கள், செயலாளர் எனப் பெயர்கள் பொன்னிறத்தில் வரிசையாக மின்னும். உள்ளே தொங்கும் ஓவியங்களை வரைந்தவர்களில் ஒருவர் பெயரும் அந்தப் பலகையில் இராது. கட்டடம் எத்தனை ஆண்டுகள் மூடியிருந்தது என்ற வரியும் இராது. பள்ளிச் சீருடையில் அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் நாற்காலியை நிரப்புவார்கள். பாராட்டுரைகள் முடியும்போது அவர்களின் பேருந்துக்கு நேரமாகியிருக்கும். எதைத் திறந்தார்களோ அதைப் பார்க்காமலே பாதிப் பேர் ஊர் திரும்புவார்கள்.

விழா நடத்தத் தெரியாத மக்கள் அல்லர் நாம். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடிக்க முண்டியடிக்கும் கூட்டத்தில் யார் பெரியவர் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் இழுத்தால்தான் தேர் நிலைக்கு வரும். பொதுக் கலைக்கூடத்தின் திறப்பு மட்டும் ஏன் மேடையில் ஐந்து பேர் நடத்த, கீழே ஐந்நூறு பேர் வேடிக்கை பார்க்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது?

வெளிநாட்டு உதாரணங்களைக் காட்டினாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இருந்தாலும் இங்கே அவை பொருந்துகின்றன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பர்ரல் கலைத்தொகுப்பு என்ற மாநகராட்சிக் கலைக்கூடத்தின் கூரை ஒழுகியது. 2016 அக்டோபரில் அதை மூடினார்கள். ஆறு கோடியே எண்பது லட்சம் பவுண்டுக்கு மேல் செலவிட்டு, இடையில் கொரோனாவையும் தாண்டி, 2022 மார்ச் 29 அன்று திறந்தார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அரசர் சார்லஸ் வந்து முறைப்படி திறந்து வைத்தது அதற்குப் பிறகு, அக்டோபரில். அதாவது, மக்கள் உள்ளே போய் அரையாண்டு கழிந்த பின்புதான் மன்னருக்கு முறை வந்தது. நம் ஊரில் இந்த வரிசையை ஓர் அதிகாரி முன்மொழிந்தால் அடுத்த வாரம் அவருக்கு இடமாற்ற ஆணை வந்துவிடும்.

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் பத்து ஆண்டுகள் மூடிக் கிடந்தது. அங்கும் தாமதம் ஊரறிந்த அவமானமாகத்தான் பேசப்பட்டது. கட்டடத்தின் ஊடாகச் செல்லும் சைக்கிள் பாதையை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சைக்கிளோட்டிகள் வழக்காடியதும் தாமதத்துக்கு ஒரு காரணம். 2013 ஏப்ரல் 13 அன்று அரசி பெயாட்ரிக்ஸ் திறந்து வைத்த பின் நள்ளிரவு வரை அனைவருக்கும் இலவச அனுமதி. சைக்கிள் பாதையும் பிழைத்தது. அந்தப் பத்தாண்டை நாம் மெச்ச வேண்டியதில்லை. ஆனால், தாமதத்துக்குக் காரணம் என்ன என்பது அந்நாட்டுக் குடிமகனுக்குத் தெரியும். ஒரு பகுதி அவனே பிடித்த பிடிவாதம். நமக்கு நம் தாமதத்தின் காரணம் தெரியாது.

மான்செஸ்டர் அருங்காட்சியகம் 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தபோது, அதன் தெற்காசியக் கூடத்தை வடிவமைத்தவர்கள் அந்நகரில் வாழும் தெற்காசிய வம்சாவளியினர் முப்பது பேர் கொண்ட குழு. எந்தப் பொருளை வைப்பது, அதைப் பற்றி என்ன எழுதுவது என்று அவர்கள் அமர்ந்து பேசி முடிவு செய்தார்கள். காலனி ஆட்சி கொண்டுபோன பொருள்கள் குறித்த கணக்கு அத்தோடு தீர்ந்துவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. எனினும், விழாவுக்கு அழைக்கப்படுவதற்கும் கூடத்தை அமைக்க அழைக்கப்படுவதற்கும் உள்ள தொலைவை அது காட்டுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது கான்சாபுரம். அங்கே ஓவியத்தில் கை ஓடுகிற ஒரு பிள்ளை அசல் தைலவண்ண ஓவியம் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறி, அங்கே பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடித்து, இரவெல்லாம் பயணம் செய்து எழும்பூரில் இறங்க வேண்டும். நிலையத்திலிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம் நடக்கும் தூரம்தான். அவ்வளவு தொலைவு வந்த பிள்ளையின் முன்னால் கதவு பூட்டியிருந்தது என்பதுதான் இந்த விவகாரத்தின் கனம். சென்னைவாசிக்கு வார இறுதியில் போக வேறு இடம் கிடைக்கும். அச்சுப் புத்தகத்தின் மங்கிய படத்தில் ரவி வர்மாவைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு வேறு எழும்பூர் கிடையாது.

தமிழக அரசின் முத்திரையில் நிற்கும் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையதா, மதுரையின் மேலைக் கோபுரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ் என்பதில் வாதம் இல்லை. ஓர் ஓவியரின் கைவண்ணத்தைத் தலையில் சூடிக்கொண்டுதான் ஒவ்வொரு அரசாணையும் வெளியே வருகிறது. கலைக்கூடச் சீரமைப்பை ஒத்திப்போட்ட கடிதங்களும் அதே முத்திரையோடுதான் போயிருக்கும்.

எனவே, நம் தீர்ப்பு இது. பழுதடைந்த பொதுக் கலைக்கூடத்தை மூடுவது பிழையன்று. எப்போது திறக்கும் என்று சொல்லாமல் மூடுவதும், சொன்ன தேதி தவறும்போது விளக்கம் தராததும், பின்பு ஒருநாள் திறந்துவிட்டுச் சாதனை என்று கைதட்டல் கேட்பதும் பொதுமக்களை அவமதிக்கும் செயல்கள். தாமதத்தால் செலவு கூடியிருந்தால் அந்தக் கூடுதல் தொகை மக்கள் பணம். அதற்குக் கணக்குச் சொல்லாத விழாவில் பொதுச் சமூகம் நாற்காலி நிரப்பத் தேவையில்லை. குடிமக்களுக்கும் இதில் பங்கு இல்லாமல் இல்லை. ஒரு திரையரங்கு மூடினால் வருந்திப் பேசும் நாம், கலைக்கூடம் மூடியதைப் பேசவில்லை. கேட்பாரற்றுக் கிடந்தது என்ற சொற்றொடரில் கேட்க வேண்டியவர்கள் நாமும்தான். நாளிதழ்களும் விலக்கல்ல.

கலைக்கூடங்கள் திறக்கும் நாளில் முதல் வரிசை ஓவியர்களுக்கும், சிற்பிகளுக்கும், மாவட்டங்களிலிருந்து வரும் ஓவிய ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. முதல் சில நாள்கள் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். விளக்கப் பலகைகள் பிழையற்ற நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம், ஆனாலும் சொல்கிறோம். பெயர்ப் பலகையின் அளவைக் குறைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் கட்டடம் மூடிய ஆண்டையும் திறந்த ஆண்டையும் காரணத்தோடு எழுதி வைக்கட்டும். சேமிப்பறையில் கிடக்கும் படைப்புகளில் பயணத்தைத் தாங்கக்கூடியவற்றை ஆண்டுதோறும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கு அனுப்ப வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாகப் பராமரிப்பு. பெரும் செலவில் புதுப்பித்த கட்டடத்தில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அதை எடுக்க ஆளும் பணமும் இல்லாத நிலையில்தான் அடுத்த பூட்டு தொடங்கும். ஆகவே, ஒவ்வோர் ஆண்டும் சட்டப்பேரவையில் கலை, பண்பாட்டுத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கப்படும்போது, எந்தெந்த அரசுக் கலைக்கூடம் எத்தனை நாள் மூடியிருந்தது, அதன் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்ற பட்டியலும் சேர்ந்து வர வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் விருதுநகர் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராக இருந்தாலும், எழுந்து அதைக் கேட்க வேண்டும்.