வரைபடத்தில் இல்லாத பெண்கள்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ராஷ்பிஹாரி அவென்யூப் பகுதியின் சந்தை. கறிவேப்பிலையும் வாழையிலையும் அங்கே தடையின்றிக் கிடைக்கும். தெற்கு கொல்கத்தாவின் இத்தகைய சந்தைகளில் காய்கறி விற்கும் பெண்கள் பலர், தெற்கு 24 பர்கனா மாவட்டக் கிராமங்களிலிருந்து விடியற்காலை ரயிலில் வருபவர்கள். நாள் முழுதும் நடைபாதையில் அமரும் இவர்களுக்குக் கழிப்பறை எங்கே என்பது, நகரத் திட்டமிடல் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி.

விடை காணக் கருவிகள் இல்லாமலில்லை. அம்ருத் திட்டத்தின்கீழ் 500 நகரங்களுக்குப் புவியியல் தகவல் முறைமையின் அடிப்படையில் முழுமைத் திட்டங்கள் வகுக்க ஒன்றிய அரசு முடிவு செய்தது. 2022இல் தேசிய புவியிடக் கொள்கையும் வந்தது. மக்கள்தொகை, சாலை, கழிவுநீர்க் குழாய், அரசு நிலம் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒரே வரைபடத்தில் பொருத்தினால், கழிப்பறையோ மருத்துவ நிலையமோ எங்கே தேவை என்பது புலப்படும்.

ஆனால், வரைபடத்தில் ஏற்றப்படும் மக்கள்தொகை எது? கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டுக்குரியது. அதுவும் மக்களை வசிக்கும் இடத்தில்தான் எண்ணுகிறது. உழைக்கும் இடத்தில் அல்ல. லேக் மார்க்கெட்டில் பகலெல்லாம் அமரும் பெண், கணக்கில் தன் கிராமத்தவள். சந்தை இருக்கும் வார்டின் கணக்கில் அவள் இல்லை. எனவே அவளுக்கான தேவையும் இல்லை! கருவி பிழை செய்யவில்லை. ஊட்டப்பட்ட கணக்கே பிழையானது. அரை கிலோமீட்டரில் கழிப்பறை இருப்பதாக வரைபடம் காட்டலாம். சரக்கை விட்டுவிட்டு நகர முடியாதவளுக்கு, ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க இயலாதவளுக்கு, அது இருந்தும் இல்லாததே.

இன்னோர் ஆபத்தும் உண்டு. கடைகளைப் புள்ளியிட்டுக் காட்டும் வரைபடம், கடைகளை அகற்றும் பட்டியலாகவும் மாறக்கூடும். 1996 நவம்பரில் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் கொல்கத்தா நடைபாதை வியாபாரிகள் அகற்றப்பட்டது இடது முன்னணி ஆட்சியில்தான் என்பதை இடதுசாரிகள் மறக்கலாகாது. 2024 ஜூனில் திரிணாமுல் அரசும் அதே வழியில் இறங்கி, எதிர்ப்புக்குப் பின் நிறுத்திவைத்தது. அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றிலொருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

மாற்றுவழிக்கு முன்னுதாரணம் உண்டு. 1990களில் கேரளத்தின் கல்லியாசேரி போன்ற ஊராட்சிகளில் அறிவியலாளர்களும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் சேர்ந்தே வள வரைபடங்களைத் தயாரித்தனர். நிலத்தை அறிந்தவர்களின் கையில் அளவைப் பணி இருந்தது.

நகரங்களிலும் அதுவே வேண்டும். பகல்நேர உழைப்பாளர் எண்ணிக்கை வரைபடத்தில் ஏற வேண்டும். இடம் முடிவாகுமுன் வரைபடம் வார்டு மக்கள்முன்னும் விற்பனைக் குழுவின்முன்னும் வைக்கப்பட வேண்டும். அதை வெளியேற்றத்திற்குப் பயன்படுத்துவது தடுக்கப்பட வேண்டும். சந்தைக் கழிப்பறைகள் பெண்களுக்குக் கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் நகரின் கூரைகளைக் காட்டும். கூரையின்றி உழைப்பவர்களை மக்கள் இயக்கமே வரைபடத்தில் ஏற்ற முடியும்.