ஸ்கேன் செய்த புலப்படத்தை நம்பி வேலி போடலாமா?

கேள்வி: ‘‘பழைய புலப்பட நகலை (எஃப்.எம்.பி) ஸ்கேன் செய்து, கணினியில் கோடுகளாக வரைந்து தருகிறார்கள். அதை வைத்துக் கம்பி வேலி போடலாமா?’’
- வாசகர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ளவும், சொட்டுநீர்க் குழாய்க்குத் திட்டமிடவும், வரப்போரம் எத்தனை மரக்கன்றுகள் நடலாம் என்று கணக்குப் போடவும் அந்த வரைபடம் உதவும். ஆனால், அதை மட்டும் நம்பி வேலிக்கல் ஊன்றக் கூடாது.

ஸ்கேன் செய்த படத்தில் எது எல்லைக்கோடு, எது எழுத்து, எது தாளின் மடிப்பு என்று மென்பொருளுக்குத் தெரியாது. தானாகக் கோடெடுக்கச் சொன்னால், கறுப்பாக இருப்பதையெல்லாம் கோடாக்கிவிடும். ஆள் உட்கார்ந்து மூலை மூலையாகத் தொட்டு வரைந்தால் படம் சுத்தமாக வரும். அப்போதும் பிழைக்கு இடமுண்டு. 1:2000 அளவில் உள்ள படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 2 மீட்டர். கோடு அரை மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே, அதன் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் 1 மீட்டர் வித்தியாசம்.

பழைய தாள் சுருங்கியிருக்கலாம். நகல் எடுக்கும்போதும் படம் சிறுத்திருக்கலாம். நீள, அகலத்தில் 100-க்கு 1 குறைந்தால், பரப்பில் 100-க்கு 2 குறையும். அதாவது, ஏக்கருக்கு 2 சென்ட். பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு வர இது போதும்.

எனவே, கோட்டைவிட அதன்மேல் எழுதியிருக்கும் அளவு எண்ணே முக்கியம். வரைபடத்தை வாங்கியதும் இவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

1. அளவு மீட்டரிலா, லிங்க்ஸிலா? பழைய படங்களில் லிங்க்ஸ் இருக்கும். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி, சுமார் 20.12 மீட்டர்.

2. கணினி காட்டும் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும், புலப்படத்தில் எழுதியுள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா?

3. மொத்தப் பரப்பு பட்டாவோடு பொருந்துகிறதா? பட்டாவில் 0.40.50 என்றிருந்தால் 40.5 ஏர், ஏறக்குறைய 1 ஏக்கர்.

4. பழைய நகலுக்குப் பிறகு உட்பிரிவு ஆகியிருக்கிறதா? தமிழ்நாடு அரசின் பட்டா-சிட்டா இணையச் சேவையில் தற்போதைய புலப்படத்தைப் பார்த்து ஒப்பிடலாம்.

இவையெல்லாம் பொருந்தினாலும், காகிதத்தில் உள்ள கோடு தரையில் எங்கே விழுகிறது என்பதை எல்லைக்கல்லிலிருந்து அளந்துதான் சொல்ல முடியும். செல்போனில் செயற்கைக்கோள் படத்தின்மேல் கோட்டைப் பொருத்திப் பார்ப்பதும் சில மீட்டர் தள்ளிப்போகலாம். கல் காணாமல் போயிருந்தாலோ, எல்லையில் சந்தேகம் இருந்தாலோ, கட்டணம் செலுத்தி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் உடனிருக்கட்டும். அவர் கண்முன் நட்ட கல்லுக்குப் பிறகு வேலி போட்டால், பிரித்துப் போடும் செலவும் கோர்ட் அலைச்சலும் மிச்சம்.