மாலை 7 மணிக்குப் பிறகு சட்டம் படிக்கக் கூடாதா?

பெண் என்பதற்காகவே வழக்கறிஞர் தொழிலை மறுக்கக் கூடாது என்று 1923இல் சட்டம் வந்தது. இன்று அந்த வாசலில் காவல் நிற்பது கடிகாரம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி சட்டப் படிப்பு நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் நடக்க வேண்டும். அதுவும் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில். பாடத்துக்கு 70 சதவீத வருகை வேண்டும் என்கின்றன அந்த விதிகள். பகலெல்லாம் சம்பளத்துக்கும், விடியலிலும் இரவிலும் சம்பளமில்லாமலும் உழைக்கும் பெண் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறாள்? கர்ப்பத்தால் வருகை குறைந்த சட்ட மாணவி ஒருவருக்கு 2018இல் தில்லி உயர்நீதிமன்றமும் விலக்குத் தர மறுத்தது.

பகுதிநேரப் படிப்பு வந்தால் தரம் கெட்டுவிடுமாம். அப்படியானால் அகில இந்திய பார் தேர்வு எதற்கு? வகுப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மூன்றாண்டுப் படிப்பை மாலை வகுப்புகளில் ஐந்தாண்டாகப் படிக்க விடுங்கள் என்கிறோம்.

ஜீவனாம்சத்துக்கும், குடும்ப வன்முறைக்கும், வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கும் நீதிமன்றப் படியேறுகிற பெண்களின் வாழ்க்கையை வாழ்ந்தே அறிந்தவர்கள் வழக்காட வராமல் போனால், நட்டம் நீதிக்குத்தான். ஓய்வு நேரம் உள்ளவருக்கே சட்டம் என்று சொல்லும் விதியை மாற்றும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம், தோழிகளே.